சர்க்கரை நோயும் கண்ணும்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பர் படிக்கிறேன், பஸ் போர்டு தூரத்திலேயே தெரிகிறது. அப்புறம் எதற்குக் கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள்?

பார்வை நன்றாக இருக்கும்போது காட்டுவதால்தான் பலன். கண்ணின் உள்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதில் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. சுகர் பல வருடம் ஏறியே இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் இற்றுப் போகிறது. முதலில் குழாயில் சின்னச் சின்னப் புடைப்புகள் தோன்றும், பிறகு ரத்தமும் கொழுப்பும் நீரும் கசியும், கடைசியில் சில குழாய்கள் அடைத்தே போகும். ரத்தம் கிடைக்காத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை பலமில்லாதவை, தும்மினாலும் உடையக்கூடியவை.

நாம் எழுத்துப் படிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் விழித்திரையின் நட்டநடுவில் உள்ள சின்ன வட்டத்தால். கசிவு அந்த வட்டத்தைத் தொடாதவரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. புதுக் குழாய்கள் முளைத்து நாளைக்கே உடையும் நிலையில் இருப்பவர்கூட இன்று கடைசி வரி எழுத்துவரை சரளமாகப் படிப்பார். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நீர் வடிவதும் கிடையாது. இந்தியாவில் 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு விழித்திரை பாதிப்பு இருக்கிறது.

முதல் பரிசோதனை எப்போது? அப்புறம் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால், கண்டுபிடித்த அதே மாதத்தில். ரத்தப் பரிசோதனையில் இன்று தெரிந்தது என்பதற்காக இன்றுதான் வந்தது என்று அர்த்தமில்லை. பல பேருக்கு நாலைந்து வருடமாகத் தெரியாமலே இருந்திருக்கும். சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகைக்கு, நோய் தெரிந்து ஐந்து வருடத்துக்குள் தொடங்கினால் போதும்.

பாதிப்பு இல்லையென்றால் வருடத்துக்கு ஒரு முறை. ஆரம்ப நிலை என்றால் 6 முதல் 12 மாதம், நடுத்தர நிலைக்கு 6 மாதம், தீவிர நிலைக்கு 3 மாதம். அதற்கு மேல் மருத்துவர் கொடுக்கும் தேதிதான். தேதி மறந்துபோகும் என்பவர்கள் தை பிறந்ததும் என்றோ ஆடிக் கிருத்திகை முடிந்ததும் என்றோ வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனிக் கணக்கு. ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ள பெண் கருவுறத் திட்டமிடும்போதே ஒரு முறை, கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகம் எடுக்கும். கர்ப்பத்தில் மட்டும் புதிதாக வந்த சுகருக்கு இந்தப் பயம் கிடையாது.

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்றார்களே?

அந்த மெஷின் கண்ணாடி பவரை மட்டும் அளக்கும். விழித்திரையை அது பார்ப்பதே இல்லை.

இதில் இன்னொரு வீண் செலவும் நடக்கிறது. சுகர் ஏறும்போது கண்ணில் உள்ள லென்ஸ் நீர் கோத்து உப்பி, பவர் மாறும். சுகர் இறங்கும்போது மறுபடி மாறும். 350இல் இருக்கும்போது போட்ட கண்ணாடி, மருந்து ஆரம்பித்து 150க்கு வந்ததும் பொருந்தாது. 'மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் கண் மங்கிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. அது மாத்திரையின் குற்றமில்லை, லென்ஸ் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சுகர் நிலையாக நான்கு முதல் ஆறு வாரம் இருந்த பிறகு கண்ணாடி போடுங்கள்.

மருந்து ஊற்றிப் பார்ப்பது என்றால் என்ன செய்வார்கள்? எப்படித் தயாராகப் போவது?

கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்தைப் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை விடுவார்கள். சில வினாடி எரியும். விரிவதற்கு அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். சர்க்கரை நோய் நீண்ட நாளாக இருப்பவர்களுக்குக் கண்மணி மெதுவாகத்தான் விரியும், அதனால் பக்கத்தில் இருப்பவரை முதலில் கூப்பிட்டால் கோபப்படாதீர்கள். பிறகு மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸ் பிடித்து உள்ளே பார்ப்பார். மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்பார். வெளிச்சம் கூசும், வலிக்காது. தேவைப்பட்டால் ஓ.சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அது நடுவட்டத்தில் நீர் கோத்திருக்கிறதா என்பதை மைக்ரான் கணக்கில் காட்டும், இரண்டு நிமிட வேலை. சிலருக்குக் கை நரம்பில் மஞ்சள் சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், தோலும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். மறுநாள் சரியாகிவிடும்.

கிட்டப் பார்வை நான்கு முதல் ஆறு மணி நேரம் மங்கலாக இருக்கும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. வேலூர் வெயிலில் விரிந்த கண்ணோடு வெளியே வந்தால் கண்ணைத் திறக்கவே முடியாது. கறுப்புக் கண்ணாடியோ குடையோ கட்டாயம் வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும். யாரும் சொல்லாத ஒன்று: சில்லறையாகப் பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் திரை தெரியாமல் 100க்குப் பதில் 1000 அனுப்பிவிட்டு நிற்க வேண்டியிருக்கும். பேங்க் வேலையும் கையெழுத்தும் வேறு நாளைக்கு.

வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. காலை டிபன் சாப்பிட்டு, மாத்திரையையும் இன்சுலினையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு போங்கள். வரிசை மதியம் தாண்டும். பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறுபவர்கள் சாப்பாடும், சுகர் தாழ்ந்தால் போட்டுக்கொள்ள மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியும் பையில் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டு, கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். கண் அழுத்தம் இருப்பதாக முன்பே யாராவது சொல்லியிருந்தால், சொட்டு விடும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

சீட்டில் 'என்.பி.டி.ஆர்.' என்று எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

என்.பி.டி.ஆர். என்றால் புதுக் குழாய் இன்னும் முளைக்காத நிலை. அதற்கு முன்னால் மைல்டு, மாடரேட், சிவியர் என்று ஒரு வார்த்தை இருக்கும், அதுதான் முக்கியம். பி.டி.ஆர். என்று மட்டும் இருந்தால் புதுக் குழாய் முளைத்துவிட்டது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. டி.எம்.ஈ. என்றால் நடுவட்டத்தில் நீர் கோத்திருக்கிறது. இது எந்த நிலையிலும் சேர்ந்து வரலாம். படிக்கும் பார்வை குறைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அறையை விட்டு வரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கண்ணில் எந்த நிலை? நடுவட்டத்தில் நீர் இருக்கிறதா? அடுத்து எந்தத் தேதி? பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிச் சுகர் மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திரைக் குழாய் கெட்டிருந்தால் சிறுநீரகக் குழாயும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்வார்.

சுகர் எவ்வளவு இருந்தால் கண்ணுக்கு நல்லது?

பெரும்பாலானவர்களுக்கு எச்பிஏ1சி 7க்குக் கீழ். சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து 180க்குக் கீழ். வயதானவர்களுக்கும் அடிக்கடி சுகர் தாழ்ந்து போகிறவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார். ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழ் இருக்க வேண்டும். சுகரைப் பிடித்துக்கொண்டு பிரஷரை விட்டுவிடுபவர்கள் நிறைய. இற்றுப்போன குழாயில் அழுத்தமும் கூடினால் என்ன ஆகும் என்பதை வயல் பைப்பில் மோட்டார் போட்டுப் பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீடி, சிகரெட் இருந்தால் விட வேண்டும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடியவர்களுக்குக் கொடுக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை விழித்திரை பாதிப்பு முற்றுவதை மெதுவாக்குகிறது என்று 2007, 2010இல் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் 11, 12 என்று இருந்த எச்பிஏ1சியை மூன்றே மாதத்தில் 7க்கு இறக்கினால், ஏற்கனவே உள்ள கண் பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். அதற்காகச் சுகரை ஏறவிடக் கூடாது, நீண்ட காலத்தில் கட்டுப்பாடுதான் கண்ணைக் காக்கும். இன்சுலினோ எடை குறைக்கும் ஊசியோ ஆரம்பிப்பதற்கு முன் கண்ணை ஒரு முறை காட்டிவிட்டு ஆரம்பியுங்கள், முதல் வருடம் கொஞ்சம் நெருக்கமாகக் காட்டுங்கள்.

கேழ்வரகுக் களிதான் சாப்பிடுகிறேன். அப்படியும் சுகர் ஏறுகிறதே?

நம் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது இந்த நம்பிக்கைதான். 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து, அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் கூட என்பது உண்மை, ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் வேகமாகச் செரித்துச் சுகரை ஏற்றும். ஒரு பெரிய உருண்டைக்குப் பதில் பாதி உருண்டை, கூடவே தட்டு நிறையக் கீரையோ கொள்ளுக் குழம்போ கருவாட்டுக் குழம்போ என்று வையுங்கள். ஆடி மாதம் தெருவுக்குத் தெரு ஊற்றும் கூழில் ஒரு டம்ளர் போதும். ஆம்பூர் பிரியாணி என்றால் சோற்றைக் குறைத்துக் கறியும் கத்திரிக்காயும் கூட. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். எது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை மீட்டர் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல மாட்டார்.

வீட்டிலேயே கண்ணைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் அது மருத்துவமனைப் பரிசோதனைக்குப் பதில் ஆகாது. இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பதால் ஒரு கண் கெட்டதை மற்றது மறைத்துவிடும், அதைப் பிடிக்கத்தான் இந்த வழி.

வாரம் ஒரு நாள், படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தினசரி காலண்டர் முன் நில்லுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், விரலால் அழுத்தினால் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கும். வலது கண்ணால் ராகுகாலம், எமகண்டம் என்ற சின்ன எழுத்துகளைப் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். போன வாரம் படித்த எழுத்து இந்த வாரம் தெரியவில்லையா? அடுத்து ஜன்னல் கம்பியையோ குளியலறை டைல்ஸ் கோட்டையோ ஒவ்வொரு கண்ணாலும் பாருங்கள். நேர்க்கோடு வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் நடுவட்டத்தில் நீர் இருக்கலாம். அந்த வாரமே காட்ட வேண்டும்.

லேசர் வைத்தால் பார்வை திரும்ப வருமா?

வராது. இதை முன்கூட்டியே புரிந்துகொள்ளாததால்தான் 'லேசர் வைத்தும் பிரயோஜனமில்லை' என்று பாதியில் நிறுத்துகிறார்கள். லேசர் இருப்பதைக் காப்பாற்றும். ரத்தம் கிடைக்காமல் கிடக்கும் ஓரப் பகுதிகளில் 1200 முதல் 1600 புள்ளிகள்வரை, இரண்டு மூன்று தவணையாகச் சுடுவார்கள். ஓரத்தின் தேவை குறைந்ததும் புதுக் குழாய்கள் சுருங்கும். விலையாக இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். ஒரு தவணையோடு நிறுத்தினால் பாதி அடைத்த ஏரிக் கரைதான்.

கண்ணுக்குள் ஊசி போடச் சொல்கிறார்கள். நினைத்தாலே நடுங்குகிறது.

எல்லோரும் நடுங்குவார்கள், போட்ட பிறகு 'இவ்வளவுதானா' என்பார்கள். சொட்டு மருந்தால் மரத்துப்போக வைத்து, கிருமிநாசினி விட்டு, கறுப்பு விழியிலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் போடுவார்கள். மருந்தின் அளவு 0.05 மில்லி, ஒரு துளி. நடுவட்டத்தில் கோத்த நீரை வற்ற வைக்க பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஆகியவை வழக்கமான மருந்துகள், விலையில் நிறைய வித்தியாசம் உண்டு. ஒரு ஊசியோடு முடியாது. ஆரம்பத்தில் மாதம் ஒன்றாகச் சில மாதம், பிறகு ஓ.சி.டி. பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். இரண்டு ஊசி போட்டுக் கொஞ்சம் தெளிந்ததும் வராமல் போனால் நீர் மறுபடி கோக்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுத் துண்டை உள்ளே வைப்பதும் உண்டு. அது மூன்று நான்கு மாதம் வேலை செய்யும், ஆனால் கண் அழுத்தத்தையும் புரையையும் கூட்டலாம்.

போட்ட இடத்தில் ரத்தச் சிவப்பும், ஒன்றிரண்டு நாள் குமிழ் மிதப்பதும் சாதாரணம். மருத்துவமனை சொல்லும் நாள்வரை தலைக்குக் குளிக்காதீர்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, பார்வை மங்கிக்கொண்டே போனாலோ கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அது அபூர்வம், ஆனால் ஒரு நாள் தாமதித்தால் கண் போகும். ஞாயிறு என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

இதய மாத்திரையில் ஆஸ்பிரின் இருக்கிறது. கண்ணில் ரத்தம் கசிகிறதே, நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின் விழித்திரைக் கசிவைக் கூட்டுவதில்லை. நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

புரை இருக்கிறது, இலவச முகாமில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், விழித்திரையைப் பார்த்துவிட்டு. சர்க்கரை நோயாளிகளுக்குப் புரை சீக்கிரமே வரும். உள்ளே பாதிப்பு இருப்பது தெரியாமல் லென்ஸ் வைத்தால், பார்வை வராததோடு நடுவட்ட நீரும் கூடலாம். புரை கெட்டியாகி உள்ளே தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

பொன்னாங்கண்ணி, கேரட், நந்தியாவட்டைச் சாறு, தேன்?

பொன்னாங்கண்ணியும் கேரட்டும் வைட்டமின் ஏ குறைவுக்கு நல்லது. ரத்தக்குழாய் கசிவை அவை அடைக்காது. சாறு, தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். கண்ணின் மேற்பரப்பைத் தாண்டி விழித்திரைக்கு அது போகாது, கிருமி மட்டும் போகும்.

ரமலான் நோன்பு வைக்கலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் வருடா வருடம் வரும் கேள்வி. நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். விரலில் குத்திச் சுகர் பார்ப்பது நோன்பை முறிக்காது. 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். கண் ஊசிக்கும் லேசருக்கும் கொடுத்த தேதியைப் பெருநாள் கழித்து என்று தள்ளாதீர்கள்.

சோளிங்கர் மலை ஏறலாமா? யோகா?

நடையும் படியேற்றமும் பெரும்பாலோருக்கு நல்லதே. புதுக் குழாய் முளைத்து இன்னும் லேசர் முடியாதவர்கள் மட்டும் சிரசாசனம், சர்வாங்காசனம், மூச்சடக்கி மூட்டை தூக்குவது, அங்கப்பிரதட்சணம் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை விட்டுவைக்க வேண்டும்.

எங்கே காட்டுவது? செலவு?

வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை, 1902இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனையின் வளாகம். எங்கே போனாலும் 'விழித்திரை பார்க்க வேண்டும், சுகர் இருக்கிறது' என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெறலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல வசதிதான், ஆனால் மாத்திரை வீடு தேடி வருவதால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊழியரிடமே கண் பரிசோதனை எங்கே, என்றைக்கு என்று கேளுங்கள்.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

திடீரென்று கரும்புள்ளிகளோ நூலாம்படையோ பொழிவதுபோல் தெரிந்தால், மின்னல் வெட்டினால், ஓரத்திலிருந்து திரை இறங்கினால், ஒரு கண் சட்டென்று இருண்டால் அன்றே. கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் கண் அழுத்தமாக இருக்கலாம், அதற்கும் அன்றே. ரத்தம் கசிந்தது என்று சந்தேகம் வந்தால் வழியில் குனியாமல், இரவானால் இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து படுங்கள். ரத்தம் தானாகக் கரையாவிட்டாலோ விழித்திரை இழுபட்டாலோ, கண்ணுக்குள் இருக்கும் கூழையும் ரத்தத்தையும் எடுக்கும் விட்ரெக்டமி ஆபரேஷன் தேவைப்படும். அதில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தால் கண்ணை அசைக்கும் நரம்பு பாதித்திருக்கலாம். பெரும்பாலும் மூன்று மாதத்தில் சரியாகும், ஆனால் வேறு காரணம் இல்லை என்று உடனே பார்த்துவிட வேண்டும்.

அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது, தானே இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

சிரிஞ்சின் மூடியை. சிவப்பு மூடி ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கு. பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பேனா வடிவ இன்சுலின் ஊசியான பென்னின் கார்ட்ரிஜில் (மருந்துக் குப்பியில்) இருப்பது 100 யூனிட் மருந்து. பென் கெட்டுப்போய், அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்தாலும் மங்கிய கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் ஒரே வகை சிரிஞ்சு மட்டும் வைத்திருங்கள். காலை இன்சுலின் பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்டு, இரவுப் பாட்டிலில் இரண்டு என்று சுற்றிவைத்தால் தடவிப் பார்த்தே தெரியும். முடிந்தால் பென்னுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான பென்களில் ஒரு 'டிக்' சத்தம் ஒரு யூனிட், அம்மா எண்ணிக்கொண்டே திருப்பலாம்.